பட்டம் எங்களுடையது, தராசு யாருடையது?

போன மாதம் ஊரிலிருந்து ஒரு தங்கை போன் செய்தாள். எங்கள் காலனிப் பெண். அரசு கலைக்கல்லூரியில் எம்.ஏ. வரலாறு முடித்திருக்கிறாள். அவள் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். "அண்ணா, பி.எட். படிச்சு ஸ்கூல் வேலைக்குப் போகட்டுமா, இல்ல பிஎச்.டி. போடட்டுமா? எந்த சர்டிபிகேட்டுக்கு மதிப்பு இருக்கு?" என்று கேட்டாள். எங்கள் தெருவில் ஆய்வுப் படிப்புவரை போனவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னிடம் கேட்டாள். "யோசிச்சு சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன்.

எனக்கு வயது 32. இளங்கலை, முதுகலை, எம்.ஃபில்., மாநிலத் தகுதித் தேர்வு என்று ஒரு ஃபைல் நிறையச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். அப்படியும் அவள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கிறேன். இது அவள் ஒருத்தியின் கேள்வி இல்லை. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய ஒவ்வொரு தலித் பிள்ளையும் இந்தக் கேள்வியோடுதான் நிற்கிறது.

கற்பது வேறு, கற்பிப்பது வேறு

மனுதர்மம் பார்ப்பனருக்கு ஆறு தொழில்களை ஒதுக்கியது. அவற்றில் கற்றலும் உண்டு, கற்பித்தலும் உண்டு. சத்திரியருக்கும் வைசியருக்கும் கற்க அனுமதி இருந்தது, கற்பிக்க இல்லை. சூத்திரருக்கு இரண்டும் இல்லை. நாம் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. கவனித்துப் பார்த்தால், படிப்பை விடவும் படிப்பிக்கும் இடத்தைத்தான் சாதி இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது என்பது புரியும். எது அறிவு, யார் அறிவாளி என்று முடிவு செய்கிற இடம் அதுதான்.

இன்றைய நிலவரத்தையும் இதே கோணத்தில் பார்க்க வேண்டும். ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி 2020-21இல் நாட்டின் உயர்கல்வி மாணவர்களில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 14 விழுக்காடு. ஆசிரியர்களில் ஏறத்தாழ 9 விழுக்காடு. பழங்குடியினர் மாணவர்களில் 6 விழுக்காட்டை நெருங்குகிறார்கள், ஆசிரியர்களில் 3 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. பெஞ்சில் உட்கார ஓரளவு இடம் கிடைத்துவிட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கத்தான் இடம் இல்லை.

இந்த இடத்தில் அம்பேத்கரை நினைக்காமல் இருக்க முடியாது. 1915இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வாங்கியவர். 1917இல் பரோடாவில் வேலைக்குப் போனபோது அவருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். 1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கே சக பேராசிரியர்கள் அவர் பொதுத் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்று ஆட்சேபித்தார்கள். உலகப் பல்கலைக்கழகத்தின் பட்டம் ஒரு பானைத் தண்ணீருக்கு உத்தரவாதம் தரவில்லை. ஆனால் அந்தப் பட்டம் இல்லாமல் அவர் அந்த வகுப்பறைக்குள் நுழைந்திருக்கவும் முடியாது. அவர் அதோடு நின்றுவிடவில்லை. லண்டன் போய் 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. வாங்கினார். பட்டத்தின் எல்லையும் அவருக்குத் தெரிந்திருந்தது, அதன் தேவையும் தெரிந்திருந்தது.

நகர்ந்துகொண்டே இருக்கும் கோடு

நாம் ஒரு சான்றிதழை வாங்கி முடிப்பதற்குள் அடுத்த சான்றிதழ் கேட்கப்படுகிறது. என் ஃபைலையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

எம்.ஃபில். முடித்தால் கல்லூரி வேலைக்குப் போகலாம் என்று ஒரு காலம் இருந்தது. 2009இல் யு.ஜி.சி. அந்த விலக்கை எடுத்துவிட்டது. பிஎச்.டி.க்கு மட்டும் விலக்கு, அதுவும் 2009 விதிமுறைப்படி செய்த பிஎச்.டி.க்கு மட்டும். அதற்கு முன் பதிவு செய்தவர்கள் தங்கள் பிஎச்.டி. முறையாகச் செய்ததுதான் என்று பல்கலைக்கழகத்திடம் இன்னொரு சான்றிதழ் வாங்க வேண்டும். ரெகுலர் முறையா, வெளித் தேர்வாளர் இரண்டு பேர் இருந்தார்களா, வாய்மொழித் தேர்வு பொதுவில் நடந்ததா, கட்டுரைகள் வெளியிட்டாரா, கருத்தரங்குகளில் வாசித்தாரா என்று ஐந்து நிபந்தனைகள். சான்றிதழுக்கு ஒரு சான்றிதழ்! 2022இல் எம்.ஃபில். படிப்பையே நிறுத்திவிட்டார்கள். நான் கடன் வாங்கிப் படித்த எம்.ஃபில். இன்று ஃபைலில் ஒரு தாள்.

2018இல் புதிய விதிமுறை வந்தது. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக பிஎச்.டி. கட்டாயம் என்றார்கள். 2021 ஜூலை என்று நாள் குறித்தார்கள், பிறகு 2023 ஜூலைக்குத் தள்ளினார்கள். அந்த நாள் வந்ததும் கட்டாயம் இல்லை, நெட் அல்லது செட் போதும் என்று மாற்றினார்கள். இடையில் அந்த விதியை நம்பி வேலையை விட்டுவிட்டு ஆய்வில் சேர்ந்தவர்கள் எத்தனை பேரோ. அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

நெட் எழுதலாம் என்றால், அதன் முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். தமிழ் இலக்கியம் படித்து, தமிழிலேயே பாடம் நடத்தப்போகிற ஒருவர்கூட முதல் தாளை இந்த இரண்டு மொழிகளில் ஒன்றில்தான் எழுத வேண்டும். மாநிலத் தகுதித் தேர்வாவது எழுதலாம் என்றால், 2018க்குப் பிறகு அடுத்த தேர்வு நடக்க 2025 ஆகிவிட்டது.

அரசு வேலையின் கதை இன்னும் மோசம். 2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசு கல்லூரிகளுக்கு 2,331 உதவிப் பேராசிரியர் பணியிடங்களை அறிவித்தது. எழுத்துத் தேர்வு கிடையாது. மொத்தம் 34 மதிப்பெண். கற்பித்தல் அனுபவத்துக்கு 15, பிஎச்.டி.க்கு 9, நேர்காணலுக்கு 10. நானும் கட்டணம் கட்டி, ஒவ்வொரு சான்றிதழாக ஸ்கேன் செய்து ஏற்றினேன். கடைசியில் அந்த அறிவிப்பையே ரத்து செய்துவிட்டார்கள். 2024 மார்ச்சில் எழுத்துத் தேர்வு என்று முறையை மாற்றி 4,000 இடங்கள் அறிவித்தார்கள். சொன்ன தேதியில் தேர்வு நடக்கவில்லை. 2025இல் வந்த புதிய அறிவிப்பில் அது 2,708 இடங்களாகச் சுருங்கியது.

பள்ளி ஆசிரியர் வேலை மட்டும் நேரான பாதையா? ஆசிரியர் தகுதித் தேர்வு வந்த புதிதில் இந்த 'சமூகநீதி மண்ணில்' எல்லோருக்கும் ஒரே 60 விழுக்காடு என்று வைத்தார்கள். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 55 விழுக்காடு என்று குறைக்கவே 2014 வரை போராட வேண்டியிருந்தது. அடுத்து வெயிட்டேஜ் என்ற பெயரில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் கூட்டினார்கள். என்றைக்கோ அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாரே இல்லாமல் படித்து எடுத்த மதிப்பெண், பதினைந்து வருடம் கழித்து வேலையைப் பறித்தது. 2018இல் அதை நீக்கினார்கள். நீக்கிவிட்டு, தகுதித் தேர்வில் தேறியவர்கள் இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றார்கள்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். நமக்கு அப்படியில்லை. கோடு ஒருமுறை நகர்ந்தால் நம் வீட்டில் இரண்டு வருட வருமானம் போகிறது, ஒரு தங்கையின் படிப்பு நிற்கிறது. அம்மா மறுபடி வட்டிக்கு வாங்குகிறார்.

அடகுப் பொருளாகும் சான்றிதழ்

அரசு வேலை வரும்வரை சும்மா இருக்க முடியாது என்று சுயநிதிக் கல்லூரிகளுக்குப் போகிறோம். எம்.ஃபில். முடித்ததும் நானும் போனேன். மாதம் 9,000 ரூபாய். சேர்ந்த அன்றே அலுவலகத்தில் அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டதற்கு, "இங்க எல்லாரும் குடுத்திருக்காங்க சார், நீங்க மட்டும் என்ன?" என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். மூன்று வருடம் கழித்து ஆய்வில் சேர இடம் கிடைத்தது. சேர்க்கைக்கு அசல் வேண்டும். வருடத்தின் நடுவில் போகிறேன் என்று மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டச் சொன்னார்கள். அம்மாவின் தோடு அடகுக்குப் போய்த்தான் என் பட்டம் அடகிலிருந்து திரும்பியது.

கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, அதைப் பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாணவர்களின் அசலை வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இல் அறிவித்தது. நடைமுறையில் இன்றும் பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். நம் காலத்துப் பண்ணையடிமை முறிச்சீட்டு என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு முறைகேட்டை வெளியே கொண்டுவந்தது. அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் உள்ள 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார்கள். இணைப்பு அங்கீகாரத்துக்கு இத்தனை முனைவர்கள் வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த எண்ணிக்கைக்குச் சான்றிதழ் வேண்டும், அந்தச் சான்றிதழுக்குரிய மனிதருக்குச் சம்பளம் கொடுத்து வகுப்பெடுக்க வைக்க விருப்பம் இல்லை. சந்தையில் நம் பட்டத்தின் மதிப்பு இதுதான். ஆய்வுக்குழு வருகிற அன்று அதற்கு விலை உண்டு, மற்ற நாட்களில் இல்லை.

அரசு மட்டும் யோக்கியமா? அரசு கலைக்கல்லூரிகளை 7,000க்கு மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்களின் தோளில் ஏற்றி ஓட்டுகிறது. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று யு.ஜி.சி. 2019இலேயே சொல்லிவிட்டது. இங்கே 20,000 ஆக இருந்ததை 25,000 ஆக்கியதையே சாதனையாகச் சொன்னார்கள். ஆண்டில் 11 மாதம்தான் அந்தச் சம்பளமும். பெயரில் மட்டும் கௌரவம்.

தாள்களை மூடிவைத்துவிட்டு நடக்கும் நேர்காணல்

யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையில் ஒரு அட்டவணை இருக்கிறது. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு எந்தச் சான்றிதழுக்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்கிறது. இளங்கலைக்கு அதிகபட்சம் 21, முதுகலைக்கு 25, பிஎச்.டி.க்கு 25. நெட் என்றால் 8, மாநில செட் என்றால் 5. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு, அனுபவத்துக்கு, விருதுக்கு என்று தனித்தனியாக உண்டு. இதைப் படித்துவிட்டு, பரவாயில்லையே, எல்லாம் கணக்காக இருக்கிறதே என்று நினைப்போம். ஆனால் அதே விதிமுறை இன்னொன்றும் சொல்கிறது. இந்த மதிப்பெண்ணெல்லாம் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டும்தான். தேர்வு என்பது நேர்காணலில் எப்படிச் செய்தார் என்பதை வைத்தே நடக்கும்.

அதாவது பதினைந்து ஆண்டுப் படிப்பு வாசல்வரை வருகிறது. உள்ளே பதினைந்து நிமிடப் பேச்சுதான் தீர்மானிக்கிறது.

அந்தப் பதினைந்து நிமிடம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். ஒரு கல்லூரி நேர்காணலில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் ஃபைல் மேசையில் மூடியபடி இருந்தது. "சொந்த ஊர் எது?" சொன்னேன். "அங்க எந்தப் பக்கம்?" சொன்னேன். "அப்பா என்ன பண்றார்?" செங்கல் சூளையில் வேலை பார்த்தார், இப்போது இல்லை என்றேன். "கைடு யாரு?" அவர் பெயரைச் சொன்னதும் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சிரித்தார். என் ஆய்வைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. நிலமும் சாதியும் பற்றியது என்றேன். "இந்த டாபிக்கெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றார்கள். வேலை வேறொருவருக்குப் போனது. அவருக்குத் தகுதியில்லை என்று நான் சொல்ல மாட்டேன், அவருடைய ஃபைலை நான் பார்த்ததில்லை. என் ஃபைலை அவர்களும் பார்க்கவில்லை என்பதுதான் என் புகார்.

ஒரு விண்ணப்பதாரர் பட்டியல் சாதியினர் என்றால் தேர்வுக் குழுவிலும் அத்தகைய பிரிவிலிருந்து ஒரு கல்வியாளர் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பல இடங்களில் அவர் கையெழுத்துக்காக உட்கார வைக்கப்படுகிறார். இதையெல்லாம் தாண்டியும் நம் ஆள் வந்துவிட்டால், 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதி இடத்தைக் காலியாக வைக்கிறார்கள். 2023 டிசம்பரில் யு.ஜி.சி. ஒரு வரைவு வெளியிட்டது. இப்படிக் காலியாகக் கிடக்கும் ஒதுக்கீட்டு இடங்களைப் பொதுப் பிரிவுக்கு மாற்ற அது வழி வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்கள். முதலில் ஆள் இல்லை என்று எழுதுவது, பிறகு ஆள் இல்லாத இடம் எதற்கு என்று எடுத்துக்கொள்வது. எவ்வளவு எளிமையான வித்தை!

இதைவிடச் சத்தமில்லாத வித்தை ரோஸ்டர். 2017இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் பல்கலைக்கழகத்தை மொத்தமாகக் கணக்கிடாமல் துறைவாரியாகக் கணக்கிட வேண்டும் என்றது. அந்த 13 புள்ளி முறையில் ஏழாவது இடம்தான் பட்டியல் சாதியினருக்கு. பழங்குடியினருக்குப் பதினான்காவது. ஐந்தாறு பேர் இருக்கும் ஒரு துறையில் ஏழாவது இடம் எப்போது வரும்? வராது. தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் 2019இல் சட்டம் இயற்றி பழைய 200 புள்ளி முறையைக் காப்பாற்ற முடிந்தது. அந்த இரண்டு வருடத்தில் நம்மில் யாருடைய சான்றிதழும் மாறவில்லை. கணக்கிடும் முறை மாறியது, நம் இடங்கள் காணாமல் போயின. சட்டம் வந்தது, இடங்கள் திரும்பின. பட்டத்தின் மதிப்பு பட்டத்துக்குள் இல்லை, அதை எடைபோடும் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

"வெறும் பேப்பர்தானே" என்பவர்களுக்கு

இப்போது ஒரு புதுப் பேச்சு ஓடுகிறது. பட்டமெல்லாம் வெறும் பேப்பர், திறமைதான் முக்கியம் என்கிறார்கள். யார் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அப்பாவுக்குக் கம்பெனி இருப்பவன், மாமாவுக்குக் கல்லூரி இருப்பவன் சொல்லலாம். அவனுக்கு அவன் சாதியே சான்றிதழ். அறிமுகம், சிபாரிசு, முதல் போட எல்லாம் அதிலிருந்து கிடைக்கும். நமக்கு 'இவன் படித்தவன்' என்று சொல்ல அந்தத் தாளை விட்டால் வேறு சாட்சி கிடையாது. அதைத் தூக்கிப் போடச் சொல்வது, இருக்கிற ஒரே சாட்சியையும் கலைக்கச் சொல்வது.

அதே சமயம் நம்மவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பேனரில் பெயருக்கு முன்னால் 'முனைவர்' போட்டுக்கொண்டு, நேர்காணல் குழுவில் உட்காரும்போது வாயை மூடிக்கொள்கிற நம் பேராசிரியர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆய்வு மாணவரைக் காய்கறி வாங்க அனுப்புகிற நெறியாளர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். பட்டத்தைப் பூணூல் மாதிரி மாட்டிக்கொண்டால், அம்பேத்கர் அதை எதற்கு வாங்கினார் என்பது மறந்துபோகும்.

எனவே நாம் கேட்க வேண்டியது இன்னொரு சான்றிதழ் அல்ல, தராசில் நம் கையும் இருக்க வேண்டும் என்பதுதான். நேர்காணல் மதிப்பெண்ணுக்கு உச்சவரம்பு வேண்டும், நேர்காணல் முழுவதும் பதிவு செய்யப்பட வேண்டும், மதிப்பெண் பட்டியல் வெளியிடப்பட வேண்டும். 'தகுதியானவர் இல்லை' என்று எழுதினால் அதற்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பின்னடைவுப் பணியிடங்களைத் தனி அறிவிப்பில் நிரப்ப வேண்டும். கௌரவ விரிவுரையாளருக்கு யு.ஜி.சி. சொன்ன ஊதியம் வேண்டும். சுயநிதிக் கல்லூரிப் பணியிடங்களிலும் இடஒதுக்கீடு வேண்டும். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கும் நிர்வாகத்தின் மீது குற்ற வழக்கு வேண்டும்.

தங்கைக்கு நேற்று போன் செய்தேன். முதலில் நெட் எழுதும்மா, கிடைக்கும்வரை தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின ஆய்வு மாணவர்களுக்குத் தரும் ஆண்டுக்கு 1 லட்சம் உதவித்தொகைக்கு விண்ணப்பி, உதவித்தொகை இல்லாமல் ஆய்வில் இறங்காதே என்றேன். பி.எட். இரண்டு வருடம், அதைக் கேவலமாக நினைக்காதே, பள்ளிக்கூடத்திலும் நம் டீச்சர் வேண்டும் என்றேன். எங்கே சேர்ந்தாலும் அசலைக் கொடுக்காதே, கேட்டால் ரசீது வாங்கு, ரசீது தரவில்லை என்றால் எனக்குச் சொல் என்றேன். நேர்காணலுக்குப் போகும்போது தனியாகப் போகாதே, நானோ தோழர்களோ வெளியே இருப்போம் என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ மதிப்பு இருக்காண்ணா, இல்லையா?" என்றாள்.

"நாம சேர்ந்து நின்னா இருக்கும்மா" என்றேன்.

திங்கட்கிழமை சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் போகிறாளாம். பழையது அட்டையில் இருக்கிறது, ஆன்லைனில் எடுத்துவரச் சொல்லிவிட்டார்களாம்.